மேஸ்திரிக்கு ஜெர்மன் தெரியும்

போன வாரம் என் மகள் ஜெர்மனியிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். பேரன் அங்கேதான் பள்ளிக்கூடம் போகிறான். அவனுக்கு இலக்கண வீட்டுப்பாடம் சொல்லித்தர உட்கார்ந்தாளாம், பாதியிலேயே மாட்டிக்கொண்டாளாம். "நான் ஒண்ணு சொன்னா அவன் என்னையே திருத்துறான்மா, மானம் போவுது" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்த பிறகு பார்க்கிறேன், உள்ளங்கை இரண்டும் ஈரமாக இருக்கிறது.

சர்க்கரை கிர்க்கரை இறங்கிவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். நம் வயசுக்கு எது நடந்தாலும் முதலில் அந்தச் சந்தேகம்தானே வரும். அது இல்லை. பயம். எனக்குப் பத்து வயதில் வந்த அதே பயம், இத்தனை வருஷம் எங்கே படுத்திருந்ததோ, ஜெர்மன் வீட்டுப்பாடம் என்ற பேச்சைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டது.

என் வயசுக்காரர்களே, உங்களில் முக்கால்வாசிப் பேர் அப்பாவைப் பார்த்துப் பயந்தவர்களாகத்தான் இருப்பீர்கள். செருப்புச் சத்தம் கேட்டால் புத்தகத்தை எடுத்தவர்கள், வாசலில் சைக்கிள் நின்றால் கொல்லைப்பக்கம் ஓடியவர்கள். அப்பாவுக்காகப் பயந்தவர்கள் எத்தனை பேர்? நான் அந்தக் கட்சி. எங்கள் அப்பா எங்களை அடித்ததே இல்லை, குரலை உயர்த்தியதும் இல்லை. ஆனால் ஒரு வருஷம் முழுக்க அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பயம்தான். இன்றைக்கு மாட்டிக்கொண்டுவிடுவாரோ, இன்றைக்கு மாட்டிக்கொண்டுவிடுவாரோ என்று.

அப்போது நாங்கள் ஆம்பூரில், டேனரிக்குப் பின்பக்கம் இருந்த குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். தோல் பதனிடுகிற இடத்துக்கு ஒட்டின வீடு என்றால் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. சுண்ணாம்புத் தொட்டி வாடை ஒரு பக்கம், பச்சைத் தோல் வாடை ஒரு பக்கம். பகலெல்லாம் பெரிய மர டிரம்கள் தடதடவென்று சுற்றும். எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர்கள் அலமாரியில் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை டிரம் நின்றதும் அந்த ஆட்டம் நின்றுவிடும், எனக்கு என்னவோ குறைகிற மாதிரி இருக்கும். வாசலுக்கு முன்னால் போன சாக்கடையில் தண்ணீர் ஒரு நாள் நீலம், ஒரு நாள் பழுப்பு. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். எனக்கு அந்த வாடையே தெரியாது. திருப்பத்தூரில் சித்தி வீட்டுக்குப் போய்த் திரும்பினால் மட்டும் முதல் நாள் தெரியும்.

அப்பாவுக்கு வேலை செலக்‌ஷன். பதப்பட்டு வந்த தோலை மேசை மேல் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம், கழிசல் என்று பிரித்து அடுக்குவது. எது என்று முடிவு செய்ய முடியாத தோலை "டவுட்" என்று சொல்லித் தனியாகப் போடுவார்கள். சாயங்காலம் இரண்டு மேஸ்திரிகள் சேர்ந்து நின்று அந்த டவுட் அடுக்கை மட்டும் மறுபடி பார்ப்பார்கள். டவுட் போடுவதில் ஒரு கேவலமும் கிடையாது. டவுட்டானதை நல்லதில் சேர்த்துவிடுகிறவனுக்குத்தான் கெட்ட பெயர். இதை அப்பா எனக்கு ஏழெட்டு வயதிலேயே சொல்லியிருக்கிறார். சொன்னவர்தான் பிறகு அப்படி ஒரு காரியம் செய்தார்.

முதலாளி அவரை ஒரு குளிர்காலம் ஜெர்மனிக்கு அனுப்பி வைத்தார், அங்கே ஒரு டேனரியில் புது மெஷின் வேலை பழகிக்கொண்டு வருவதற்கு. அப்பா ஒரு கறுப்புக் கோட்டோடும், அம்மாவுக்கு ஒரு கைக்கடிகாரத்தோடும், கொஞ்சம் வெளுத்த முகத்தோடும் திரும்பி வந்தார். வந்த அன்றைக்கே ஆபீசில் கூப்பிட்டு முதலாளி கேட்ட முதல் கேள்வி, "பாஷை வந்துச்சா மேஸ்திரி?" என்பதுதான். நாலு பேர் எதிரில் கேட்டிருக்கிறார். அவ்வளவு செலவு செய்து அனுப்பிய மனுஷனிடம் வரவில்லை என்று எப்படிச் சொல்வது? அப்பா "வந்துச்சு முதலாளி" என்று சொல்லிவிட்டார்.

வந்தது என்ன? காலை வணக்கம், மாலை வணக்கம், நன்றி, தோல், ஆட்டுத்தோல், கன்றுத்தோல், உப்பு, தண்ணீர், போதும். அவ்வளவுதான். அங்கே அவரோடு டிரம்மில் நின்றவர்கள் துருக்கிக்காரர்களாம். அவர்களுக்கும் பாஷை அரைகுறைதான். எல்லாரும் கையால் பேசிக்கொண்டார்களாம்.

"வந்துச்சு" என்ற அந்த ஒரு வார்த்தையால் அப்பாவின் உத்தியோகமே மாறிப்போனது. ஜெர்மன்காரர்கள் சரக்கு பார்க்க வரும்போதெல்லாம் முதலாளி அவரைக் கூட நிறுத்திக்கொள்வார். அவர்கள் முதலாளியிடம் இங்கிலீஷில்தான் பேசுவார்கள், முதலாளிக்கும் இங்கிலீஷ் ஓரளவு வரும். அப்பா எதற்கு என்றால், அவர்கள் தங்களுக்குள் ஜெர்மனில் பேசிக்கொள்வதைக் கேட்டு முதலாளிக்குச் சொல்வதற்கு. "நம்மகிட்ட இங்கிலீஷ்ல பேசறது யாவாரம், அவங்களுக்குள்ள பேசிக்கிறதுதான் நெஜம்" என்பது முதலாளியின் கொள்கை. அப்பா தோலைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி நிற்க வேண்டும். அந்த வேஷத்துக்கு அவர் ரொம்பக் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை.

பிறகு என்னதான் சொல்வார் என்று கேட்பீர்கள். விரலைப் பார்த்துச் சொல்வார். தோல் பார்க்க வருகிறவன் விரல் எங்கே நிற்கிறது, எங்கே வேகமாகப் போகிறது, புருவம் எப்போது ஏறுகிறது, இதை வைத்துக்கொண்டு "கழுத்துப் பக்கம் முரடா இருக்குன்றாங்க முதலாளி" என்று ஒரு போடு போடுவார். பாதிக்கு மேல் சரியாகவும் இருந்துவிடும். மேஸ்திரிக்கு ஜெர்மன் தெரியும் என்று டேனரி முழுக்கப் பேர். தோலோடு மட்டும் நின்றிருந்தால் அந்தப் பேரோடேயே அவர் ரிட்டையர் ஆகியிருப்பார்.

அந்த வருஷம்தான் டேனரி கெஸ்ட் ஹவுஸில் ஒரு ஜெர்மன் டெக்னீஷியன் வந்து தங்கினார். கூட அவர் மனைவியும் வந்திருந்தார். உயரமான அம்மாள், முன்கையெல்லாம் செம்மண் புள்ளி மாதிரி மச்சம். ஆம்பூரில் அந்த அம்மாவுக்குப் பொழுது போகவில்லை. பிள்ளைகள் யாராவது வந்தால் ஜெர்மன் சொல்லித் தருகிறேன் என்றார். முதலாளிக்கு என் வயதில் ஒரு மகள் இருந்தாள். அண்ணன்மார்கள் எல்லாம் வெளியூர் ஹாஸ்டலில். அவளை அனுப்புவதென்று முதலாளி முடிவு செய்தார். தனியாக எப்படி அனுப்புவது, துணைக்கு மேஸ்திரி பெண்ணும் போகட்டும் என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை.

அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது நான் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். "க்ளாஸ் முடிஞ்சி பாப்பா நேரா நம்ம வீட்டுக்குத்தான் வருமாம். வீட்டுப்பாடம் நான் சொல்லித் தரணுமாம். உனக்குத்தான் தெரியுமே மேஸ்திரின்றாரு" என்றார். அம்மா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்பது அம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது, அவர்கள் இருவரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்ட விதத்தில்.

"ஒண்ணும் தெரியாதுன்னு இப்பவாவது சொல்லிடுங்க" என்றாள் அம்மா. அப்பா சுவரைப் பார்த்தார், உத்தரத்தைப் பார்த்தார், அலமாரியில் ஆடுகிற டம்ளரைப் பார்த்தார். "சொன்னா இந்த வூடு?" என்றார். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். பொய்க்காரன் என்று பேர் வந்தால் ராணிப்பேட்டை வரைக்கும் எந்த டேனரியிலும் உள்ளே சேர்க்கமாட்டார்கள். எனக்கு அன்றைக்குப் பிடித்ததுதான் அந்தப் பயம்.

முதலாளி மகள் வெள்ளைக் காரில் வருவாள், கூட ஒரு வேலைக்கார அம்மா. பாவாடை சட்டை, தலையில் மெல்லிய துப்பட்டா, கையில் எங்கள் யாரிடமும் இல்லாத வாசனை ரப்பர். அப்பா அவளை "வாங்க பாப்பா, ஒக்காருங்க பாப்பா" என்பார். என்னை "ஏய் நகரு" என்பார். அவளுக்கு நாற்காலி, எனக்குப் பாய். இரண்டாம் நாளே அவள் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்துகொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறதாம்.

முதல் வீட்டுப்பாடமே விளங்கவில்லை. அந்த பாஷையில் ஒவ்வொரு பொருளும் ஆணா, பெண்ணா, இரண்டும் இல்லையா என்று தெரிந்துகொண்டு அதற்குத் தகுந்த சொல்லை முன்னால் போட வேண்டும். டெர், டீ, டாஸ். கரண்டி ஆண். முள்கரண்டி பெண். கத்தி இரண்டும் இல்லை. அப்பா அந்தத் தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார், தோலைப் பிடிக்கிற மாதிரியே. கட்டை விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். நெற்றியில் வேர்வை. அம்மா உள்ளே காபி டம்ளரை இரண்டு தரம் கழுவினாள். "கத்தி எப்படி ரெண்டும் இல்லாம போவும்? ஆம்பளதான் போடு" என்றார் கடைசியில். நான் எழுதினேன். முதலாளி மகள் எழுதவில்லை. பென்சிலைக் கடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள்.

மறுநாள் ஜெர்மன் அம்மா சிவப்புப் பென்சிலால் என் தாளில் சுழித்த சுழியை இன்றைக்கும் நான் வரைந்து காட்டுவேன். இந்தப் பெண் மந்தம் என்று அந்த அம்மா கடைசிவரை நினைத்திருப்பார். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்.

அப்பா இரண்டு மூன்று நாள் செத்துப் பிழைத்தார். பிறகு அவருக்கு ஒரு வழி கிடைத்தது. தான் ஒன்றும் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டார். நாங்கள் இருவரும் தனித்தனியாக, ஒருத்தருக்கு ஒருத்தர் முதுகைக் காட்டிக்கொண்டு எழுத வேண்டும். எழுதி முடித்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் நல்லது. மாறி இருந்தால் டவுட். டவுட்டை நாங்கள் இருவரும் பேசித் தீர்க்க வேண்டும், நீ ஏன் அப்படி எழுதினாய், நான் ஏன் இப்படி எழுதினேன் என்று. தீரவில்லை என்றால் ஜெர்மன் அம்மாவிடமே கொண்டுபோய்க் கேட்க வேண்டும். அப்பா கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு எழுத்து மட்டும் அடையாளம் தெரியும், ஒத்துப்போகிறதா இல்லையா என்று பார்க்க அது போதும். சிரிக்காதீர்கள், அந்த வழியில் நாங்கள் நன்றாகவே படித்தோம். சண்டை போட்டுப் படித்தது மறக்காது. எனக்குப் பயம் மட்டும் குறையவே இல்லை. படிக்கப் படிக்க அப்பாவுக்கு எவ்வளவு தெரியாது என்பது எனக்கு இன்னும் நன்றாகத் தெரிந்துகொண்டே வந்தது. எனக்குத் தெரிந்தால் அவளுக்கும் தெரியும்தானே?

தெரியும். ஒரு நாள் க்ளாஸ் முடிந்து காரில் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். முன் சீட்டில் வேலைக்கார அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். அவள் என் காதுக்கருகில் வந்து, "உங்க அப்பாக்கு ஜெர்மன் தெரியாது இல்ல?" என்றாள்.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. கார்க் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். அவள் அப்பா தினமும் சாப்பிட உட்காரும்போது அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வாராம். இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்பாராம். அவள் ஜெர்மனில் நாலு வார்த்தை சொன்னால் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பாராம். எல்லாம் ஆன பிறகு கடைசியாக ஒன்று கேட்பாராம், மேஸ்திரிக்கு உண்மையிலேயே பாஷை தெரியுமா என்று.

"நீ இன்னா சொன்ன?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"நல்லாத் தெரியும்னுதான் சொல்றேன். பயப்படாத. அவருக்குத் தெரியலன்னா க்ளாஸ நிறுத்திடுவாங்க. க்ளாஸ் நின்னா அப்பா என்கூட இன்னாத்துக்கு ஒக்காருவாரு? முன்னெல்லாம் நான் தூங்கினதுக்கு அப்புறம்தான் சாப்புட வருவாரு" என்றாள். அப்புறம் ரப்பரை எடுத்து மோந்து பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பத்து வயதுப் பெண்ணுக்கு வேவு பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார், அவளோ எங்கள் பக்கம் சேர்ந்திருக்கிறாள் என்பதெல்லாம் எனக்கு இப்போது புரிகிறது. அப்போது புரிந்தது ஒன்றுதான். முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் இதை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவுக்கு நெஞ்சு நின்றுவிடும் என்று நினைத்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்கு ஜுரம் வந்தது. அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து, சோளிங்கர் மலை ஏறுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். ஜுரத்துக்காக வேண்டிக்கொண்டாள் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரத்திலேயே முதலாளி வந்து நின்றார். சொல்லாமல் கொள்ளாமல், ஒரு சாயங்காலம், எங்கள் வீட்டு வாசலில். நாங்கள் டவுட்டில் இருந்தோம். அப்பா எழுந்தார், அம்மா உள்ளே ஓடினாள். முதலாளி கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "நடத்து மேஸ்திரி, நான் சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்றார். அத்தர் வாசனை வீடு முழுக்கப் பரவியது. அந்த வாசனை இன்றைக்கும் எங்காவது கல்யாண மண்டபத்தில் வந்தால் நான் இடத்தை மாற்றி உட்கார்ந்துகொள்வேன்.

அப்பா எங்கள் இரண்டு தாளையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அவர் வாயைத் திறக்கும் முன்னால் முதலாளி மகள் முந்திக்கொண்டாள். "அங்கிள், தோல் வார்த்த எல்லாம் சொல்லுங்க, நேத்து சொன்ன மாதிரி" என்றாள். நேற்று அவர் ஒன்றுமே சொல்லவில்லை. அப்பா ஒரு விநாடி அவளைப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த அத்தனை தோல் வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார், நாங்கள் இருவரும் உரக்கத் திரும்பச் சொன்னோம். தோல், ஆட்டுத்தோல், கன்றுத்தோல், உப்பு, தண்ணீர். வார்த்தை தீர்ந்துவிடப்போகிறது, தீர்ந்துவிடப்போகிறது என்று எனக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது. தீருகிற சமயத்தில் அம்மா காபியோடு வந்தாள். முதலாளி குடித்துவிட்டு, மகள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அப்பா கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தார்.

அந்தச் சமயத்தில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் புது ஷெட் போட வேலை ஆரம்பித்திருந்தார்கள். தூணுக்குப் பள்ளம் தோண்டி வைத்திருந்தார்கள். ஜெர்மன்காரர்கள் கொடுக்கப்போகிற பெரிய ஆர்டரை நம்பித்தான் அந்த ஷெட். முதலாளி தன் பூர்வீக நிலத்தை அடகு வைத்து அதற்கு இறங்கியிருந்தார் என்று டேனரியில் எல்லாருக்கும் தெரியும். அந்த ஆர்டரைப் பேசி முடிக்க இரண்டு ஜெர்மன்காரர்கள் வந்தார்கள், ஒருத்தர் கிழவர், ஒருத்தர் இளவட்டம். இந்த முறை முதலாளி தன் மகளையும் செலக்‌ஷன் ரூமுக்கு வரச் சொல்லியிருந்தார். குழந்தைதானே, யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். குழந்தைக்குத் துணையாக நானும் போனேன். எங்களை ஜன்னலோரம் ஒரு பெஞ்சில் உட்காரவைத்து ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார்கள். இதெல்லாம் எதற்கு என்று எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. பிஸ்கட் வாய்க்குள் போகவில்லை.

அப்பா ஒவ்வொரு தோலாக விரித்தார். கிழவர் தடவிப் பார்த்தார். மெதுவாக, ரொம்ப மெதுவாக. ஒரு தோல் மேல் அவர் உள்ளங்கை அப்படியே நின்றது. கையை எடுக்காமலே இளவட்டத்திடம் ஜெர்மனில் பேசினார், சாதாரணமாக, கடைத்தெருவில் பேசுகிற மாதிரி. நல்ல தோல், பாவம், இதுதான் கடைசித் தடவை, அடுத்த வருஷத்திலிருந்து வேறு நாட்டில் வாங்கப்போகிறோம் என்று இவரிடம் இப்போது சொல்லாதே, ஊருக்குப் போய் எழுதிக்கொள்ளலாம். எனக்கு எல்லா வார்த்தையும் பிடிபடவில்லை. கடைசி என்பது புரிந்தது. அடுத்த வருஷம் புரிந்தது. சொல்லாதே என்பது புரிந்தது. பக்கத்தில் இருந்தவளுக்கு முழுதும் புரிந்தது. என் முழங்கையை அவள் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

முதலாளி சிரித்த முகத்தை மாற்றாமல் தமிழில் கேட்டார், "இன்னா மேஸ்திரி, இன்னா சொல்றாரு?"

"ரொம்பப் புடிச்சிருக்காம் முதலாளி. இந்த மாதிரி தோலு கெடைக்காதுன்றாரு" என்றார் அப்பா. அவர் விரலைப் பார்த்துச் சொன்னார். விரல் பொய் சொல்லவில்லை, கிழவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

முதலாளி தலையை ஆட்டினார். பிறகு, அதே சிரிப்போடு, பெஞ்சு பக்கம் திரும்பி மகளிடம் கேட்டார், "மேஸ்திரி சரியா சொல்றாராம்மா?"

டிரம் சத்தம் நிற்கவில்லை. ஜெர்மன்காரர்கள் அடுத்த தோலைப் புரட்டினார்கள். நான் தரையைப் பார்த்தேன், தரையில் யாரோ சிந்தின சாயம். "இல்லை" என்று அவள் சொன்னால் நாங்கள் தெருவில். ஆமாம் என்றால் அவள் அப்பாவின் நிலம் போய்விடும். இதெல்லாம் ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா?

"சரிதான்ப்பா" என்றாள் அவள்.

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவள் முகத்தில் என்ன இருந்ததோ, கையில் இருந்த தோலை மேசை மேல் வைத்துவிட்டு நேராக நின்றார். வெள்ளைக்காரர்களுக்குச் சந்தேகம் வராதபடி, சாதாரணக் குரலில் பேசினார்.

"இல்ல முதலாளி. எனக்கு ஒண்ணும் புரியல. எனக்கு இந்த பாஷை எப்பவுமே தெரியாது. பாப்பாவுக்கு அது மொதல்லருந்தே தெரியும், என்னக் காப்பாத்தறதுக்காகச் சொல்லுது. அவங்க பேசினதும் பாப்பாவுக்குத்தான் புரிஞ்சிருக்கு. மறுபடி கேளுங்க."

முதலாளி அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகளிடம் அவர்கள் வீட்டில் பேசுகிற உருதுவில் ஏதோ கேட்டார். அவள் உருதுவிலேயே சொன்னாள், சின்னக் குரலில், மூச்சு விடாமல். கேட்டு முடித்ததும் முதலாளி ஜெர்மன்காரர்களிடம் இங்கிலீஷில், டீ ஆறுகிறது, வாருங்கள் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அழைத்துப் போனார்.

நான் வீட்டுக்கு ஓடிப்போய் நடந்ததைச் சொன்னதும் அம்மா பரணிலிருந்து பாத்திரங்களை இறக்க ஆரம்பித்துவிட்டாள். அழவில்லை, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டே இருந்தாள். நான் என் துணிகளை எடுத்துப் பாயில் சுருட்டினேன். திமிரியில் மாமா வீட்டுக்குப் போவோமா, அங்கே என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இருட்டுவதற்கு முன் அப்பா வந்தார். வாசலில் கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "செலக்‌ஷனுக்கே போன்னுட்டாரு. பாஷை தெரிஞ்சவன் எவன் வேணா கெடைப்பான், தோலு தெரிஞ்சவன் கெடைக்கமாட்டான்னாரு" என்றார். பிறகு சோறு போடச் சொன்னார். அம்மா அடுக்கின பாத்திரத்திலிருந்தே ஒரு தட்டை உருவி எடுத்தாள்.

அப்பா நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு தப்பு என்று எனக்கு இப்போது வியப்பாக இருக்கிறது. முதல் நாளே தெரியாது என்று சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. புது ஷெட்டை முதலாளி கைவிட்டார். நிலத்தை மீட்டார். ஆர்டரை நம்பிக் கட்டடம் எழுப்பின வேறு இரண்டு டேனரிகள் அடுத்த வருஷம் மூடிக்கிடந்தன. மேஸ்திரி உண்மை பேசித்தான் டேனரி தப்பித்தது என்று ஊரில் பேச்சு. அப்பாவைப் பெரிய மனுஷன் என்றார்கள். அம்மா சோளிங்கர் மலை ஏறிவிட்டு வந்தாள். நானும் நன்றாகத் தூங்கினேன், அந்த வருஷத்திலேயே முதல் தடவையாக.

ஜெர்மன் க்ளாஸ் மட்டும் அன்றோடு நின்றுவிட்டது. இத்தனை மாதமாகத் மகள் தினமும் தன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறாள் என்று முதலாளி சொன்னாராம். இந்தத் தடவை புரியவில்லை என்று மட்டும் அப்பா சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். எப்பவுமே தெரியாது, பாப்பாவுக்கும் அது தெரியும் என்று முழு உண்மையையும் சொல்லிவிட்டார். அது அவருக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவளைப் பற்றி எங்கள் வீட்டில் அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

ரம்ஜான் வந்தது. டேனரியில் எல்லார் வீட்டுக்கும் முதலாளி வீட்டிலிருந்து பிரியாணி வரும். எங்கள் வீட்டுக்கு வந்த காரில் அவளும் இருந்தாள், புதுத் துணி, கையில் மருதாணி. வேலைக்கார அம்மா தூக்குப் பாத்திரத்தோடு உள்ளே போனார். நாங்கள் இருவரும் மண் போட்டு மூடின தூண் பள்ளங்களுக்குப் பக்கத்தில் நின்றோம். என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. சந்தோஷமான விஷயமாகச் சொல்லலாம் என்று, "எங்க அப்பா இப்பல்லாம் எதுக்குமே பயப்படறதில்ல தெரியுமா?" என்றேன்.

அவள் மருதாணிக் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அவள் அப்பா இப்போது எப்போது சாப்பிட வருகிறார் என்று கேட்டேன். தெரியாது, நான் தூங்கிடறேன் என்றாள். உள்ளே அப்பா, வேலைக்கார அம்மாவிடம் என்னவோ சொல்லிப் பலமாகச் சிரித்தார். அப்படி அவர் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. அவள் அந்தச் சிரிப்பு அடங்குகிற வரைக்கும் எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்க அப்பா இன்னும் கொஞ்ச நாள் பயந்துகினே இருந்திருக்கலாம்" என்றாள்.